ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால்... தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, நம் அம்மையார்குப்பத்தில் கேஸ் விழுவது பெரும்பாலும் ஆண்கள் மேல். அதற்காக ஓடுகிறவள் பெண். தறியை அப்படியே நிறுத்திவிட்டு ஆர்.கே.பேட்டை ஸ்டேஷனுக்குப் போவதும், திருத்தணிக்குப் பஸ் பிடிப்பதும், காதில் கிடப்பதை அடகு வைப்பதும், ஜாமீன்தாரர் தேடி உறவுக்காரர் வாசலில் நிற்பதும் அம்மாவோ மனைவியோ அக்காளோ தங்கையோதான். அதனால் இதை உனக்கு எழுதுகிறேன்.

நம் பக்கம் வருகிற கேஸ்கள் உனக்கே தெரியும். சந்துத் தகராறு கைகலப்பாகும். தறிக்கு வாங்கிய முன்பணத்தில் வாய்ச்சண்டை முற்றும். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் தள்ளுமுள்ளு நடக்கும். யாரோ ஏற்றிய மணல் லோடை நம் வீட்டுப் பையன் ஓட்டிக்கொண்டு போய் மாட்டுவான். எதுவானாலும் வீட்டில் முதலில் எழும் குரல், "சின்ன கேஸ்தானே, சொல்றதுக்குத் தலையாட்டிட்டு வந்துடு" என்பது. அந்தக் குரலைக் கேட்காதே. சட்டம் கொடுக்கும் பாதுகாப்புகள் பலவும் வாய்திறந்து கேட்டால்தான் கிடைக்கும். முதல் ஒன்றிரண்டு நாளுக்குள் கேட்டால்தான் அவை முழுதாகப் பயன்படும். நான் சொல்லப்போவது அத்தனையும் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

1. முதலில் மூன்று கேள்வி கேள்

போனில் "கேஸ் போட்டாச்சு" என்றால் அழுவதற்கு முன் ஒரு பேனாவை எடு. என்ன பிரிவு? அது ஜாமீனில் விடக்கூடிய பிரிவா? அதிகபட்சத் தண்டனை எத்தனை வருடம்? இந்த மூன்றும் தெரிந்தால் வக்கீல் போனிலேயே உனக்கு வழி சொல்லிவிடுவார்.

2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) வந்துவிட்டது. கைது, ஜாமீன், விசாரணை முறைகளுக்கு பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.). சாட்சியத்துக்கு பாரதிய சாக்‌ஷிய அதினியம். அந்தத் தேதிக்கு முன்னால் நடந்த சம்பவத்துக்குப் பழைய தண்டனைச் சட்டப் பிரிவுகள்தான். அதனால் ஊர்ப் பெரியவர் "அது 324 கேஸு" என்று சொன்னால் தேதியைப் பார்த்துக்கொள்.

ஒரே சண்டை இரண்டு விதமாக எழுதப்படலாம். கையால் அடித்தது என்றால் பி.என்.எஸ். 115(2). அதிகபட்சம் 1 வருடம் சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். அதே சண்டையில் அரிவாளோ அதுபோன்ற ஆயுதமோ இருந்தது என்று வந்தால் 118(1). அதிகபட்சம் 3 வருடம், ஜாமீனில் விட முடியாத வகை. கொல்லப் பார்த்தான் என்று எழுதினால் 109. அது செஷன்ஸ் கோர்ட் வரை போகும் பெரிய கேஸ், 10 வருடம், காயம் பட்டிருந்தால் ஆயுள்கூட வரலாம். கையா, கட்டையா, கத்தியா என்ற ஒரு சொல்லில் இவ்வளவு இருக்கிறது.

2. அடி நம் பக்கமும் பட்டிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி

தகராறில் தம்பிக்கும் அடி பட்டிருந்தால் மஞ்சள் வைத்துக் கட்டிப் படுக்க வைக்காதே. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போய் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் எழுத வை. யார் அடித்தார்கள், எதனால் அடித்தார்கள், எத்தனை பேர் என்று டாக்டர் கேட்பார். பதற்றத்தில் கூட்டியும் குறைத்தும் சொல்லாமல் நடந்ததைச் சொல்லச் சொல். பின்னால் கோர்ட்டில் குறுக்கு விசாரணை வரும்போது எல்லாரும் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

நம் பக்கப் புகாரையும் எழுதிக் கொடு. வாங்கியதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கேள். இரண்டு தரப்பும் புகார் கொடுத்து 'கேஸ், கவுண்டர் கேஸ்' என்று ஆனால் இரண்டையும் ஒரே அதிகாரி விசாரிக்க வேண்டும் என்பது நடைமுறை. நாம் கொடுக்காமல் விட்டால் ஒரு பக்கக் கதைதான் காகிதத்தில் இருக்கும்.

3. "சும்மா வந்து பேசிட்டுப் போ" என்றால் நோட்டீஸ் கேள்

7 வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்தவுடன் கைது செய்வது வழக்கமாகிவிடக் கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கைது தேவையில்லை என்றால் போலீஸ் பி.என்.எஸ்.எஸ். 35(3)-இன் கீழ் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து அழைக்க வேண்டும். நோட்டீஸ் வந்தால் கட்டாயம் போக வேண்டும். ஒளிந்துகொண்டால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். போகும்போது கையில் நோட்டீஸ் நகல், கூட ஒரு ஆள், முடிந்தால் வக்கீல்.

இந்த நோட்டீஸை வாட்ஸ்ஆப்பில் அனுப்புவது செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அப்படி வந்தால் அலட்சியமாக விடாதே. வக்கீலிடம் காட்டி, காகிதமாகக் கேட்டு வாங்கு. வீடியோ காலில் வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டிப் பணம் கேட்பவன் திருடன். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் கிடையாது.

சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் பெண்களையும், 60 வயது தாண்டிய ஆண்களையும், 15 வயதுக்குட்பட்ட பையன்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடும் நோய் உள்ளவர்களையும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் இருக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும் (பிரிவு 179). தம்பி கிடைக்கவில்லை என்று அம்மாவைக் கொண்டுபோய் உட்கார வைத்தால் இந்தப் பிரிவைச் சொல்.

4. கைது என்றால் நேரத்தைக் குறித்து வை

கூட்டிப்போன நிமிடத்தை உன் போனிலிருந்து உறவுக்காரர் யாருக்காவது மெசேஜாக அனுப்பு. "இன்ன நேரம், இன்ன இடம், இத்தனை பேர் வந்து கூட்டிப்போனார்கள்" என்று. பிறகு நேரத்தில் தகராறு வந்தால் அந்த மெசேஜ் பேசும்.

அதன்பின் கேட்க வேண்டியவை:

கைது மெமோ. அதில் தேதியும் நேரமும் இருக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவரோ, அந்தப் பகுதியின் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். 1996 டிசம்பரில் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி இது. இப்போது பி.என்.எஸ்.எஸ். 36-இல் சட்டமாகவே இருக்கிறது.

கைதுக்கான காரணம், எழுத்தில். கைதானவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும் என்று 2025 நவம்பர் 6 அன்று மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே எழுதித் தர முடியாத சூழ்நிலையானாலும், ரிமாண்டுக்கு நிறுத்துவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பாவது கொடுத்துவிட வேண்டும்.

எங்கே வைத்திருக்கிறார்கள் என்ற தகவல். கைதானவர் சொல்லும் ஒருவருக்கு அதைத் தெரிவிப்பது போலீஸின் கடமை (பிரிவு 48).

24 மணி நேரம். பயண நேரம் நீங்கலாக, அதற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இது அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவே தரும் உரிமை.

பெண்ணைச் சூரியன் மறைந்தபின் விடிவதற்குள் கைது செய்யக் கூடாது. மிக அசாதாரணமான நிலையில் மட்டும், பெண் அதிகாரி எழுத்தில் காரணம் காட்டி மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி வாங்கிச் செய்யலாம். 18 வயது நிரம்பாத பிள்ளையை லாக்கப்பிலும் சிறையிலும் வைக்கவே கூடாது. அவனுக்குக் கோர்ட் வேறு, இளைஞர் நீதிக் குழுமம். பள்ளிச் சான்றிதழை உடனே எடுத்துக்கொண்டு ஓடு.

ஆளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே சொல்லவில்லையா? எஸ்.பி. அலுவலகத்துக்கு உடனே எழுத்தில் மனு அனுப்பி, அனுப்பிய அத்தாட்சியை வைத்துக்கொள். அடுத்தது சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. 1993-இல் கம்மாபுரம் போலீஸ் பிடித்துப்போன ராஜாகண்ணு தப்பி ஓடிவிட்டார் என்று சொன்னபோது, அவர் மனைவி பார்வதி அதை நம்பி வீட்டில் உட்காரவில்லை. வக்கீல் சந்துரு மூலம் ஆட்கொணர்வு மனுப் போட்டார். கஸ்டடியில் நடந்த கொலை வெளியே வந்து போலீஸாருக்குத் தண்டனை கிடைத்தது அந்த மனுவில் தொடங்கியதால்தான். 'ஜெய் பீம்' படத்தில் நீ பார்த்தது அந்த உண்மைக் கதை.

5. ஸ்டேஷனில் உண்மையான பெயர், விலாசம் போதும்

தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அரசியலமைப்பின் 20(3) இதைச் சொல்கிறது. பெயர், ஊர், விலாசத்தை உண்மையாகச் சொல்லச் சொல். சம்பவம் பற்றிக் கேட்டால் "வக்கீலிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்று மரியாதையாகச் சொன்னால் போதும். விசாரணையின் முழு நேரமும் வக்கீல் பக்கத்தில் உட்கார முடியாது என்றாலும், விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க பி.என்.எஸ்.எஸ். 38-வது பிரிவு இடம் கொடுக்கிறது.

விசாரணையில் ஒருவர் சொன்னதைப் போலீஸ் எழுதிக்கொள்ளலாம். சொன்னவர் அதில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை (பிரிவு 181). போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் சாட்சியமாகாது. ஆனால் ஒரு விலக்கு உண்டு. "அரிவாளை அந்தக் கிணற்றுப் பக்கம் போட்டேன்" என்று காட்டிக்கொடுத்து, அங்கே பொருள் கிடைத்தால் அந்தப் பகுதி மட்டும் எதிராக நிற்கும். வெள்ளைத்தாளில் கையெழுத்து எக்காரணம் கொண்டும் வேண்டாம். ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கூப்பிட்டு நன்னடத்தைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டாலும், எத்தனை மாதத்துக்கு, மீறினால் என்ன ஆகும் என்று படித்துப் பார்த்த பிறகே போட வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு கட்டுப்பாடு. வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் கேஸைப் பற்றி ஒரு வரி போடாதே. போனில் இருக்கும் மெசேஜ், வீடியோ எதையும் பயந்து அழிக்காதே. ஆதாரத்தை அழிப்பது தனிக் குற்றம். எதிர்த்தரப்புச் சாட்சியின் வீட்டுக்குப் போய்ப் பேசாதே. முக்கியமாக, அண்ணி புகார் கொடுத்த கேஸ் என்றால் அவளை மிரட்டி வாபஸ் வாங்க வைக்கப் பார்க்காதே. அது இன்னொரு கேஸாகும், கிடைத்த ஜாமீனும் போகும். அதைவிட, அவளும் நம் வீட்டுப் பெண். அண்ணனுக்கு வக்கீல் வைக்கும் உரிமை எப்படி உண்டோ, அவளுக்கு அடியைச் சொல்லும் உரிமை அப்படி உண்டு.

6. மாஜிஸ்திரேட் முன் நிற்கும் சில நிமிடங்கள்

இதைத்தான் பலரும் வீணாக்குகிறார்கள். கோர்ட்டில் நிறுத்தும் நேரம் மிகக் குறைவு. பயத்தில் தலைகுனிந்து நின்றுவிட்டுச் சிறைக்குப் போய்விடுகிறார்கள்.

சாத்தான்குளத்தை நினைத்துப் பார். 2020 ஜூன் 19 அன்று ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் பிடித்தார்கள். ஊரடங்கு நேரம் தாண்டி மொபைல் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பதுதான் புகார். அதைவிடச் சின்ன கேஸ் இருக்க முடியுமா? ஸ்டேஷனில் அடிபட்ட உடம்போடு அவர்கள் மறுநாள் ரிமாண்ட் செய்யப்பட்டுக் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். 22-ஆம் தேதி இரவு மகனும் 23-ஆம் தேதி காலை தந்தையும் இறந்துபோனார்கள். மருத்துவரும் மாஜிஸ்திரேட்டும் அந்த உடல்களைச் சரியாகப் பார்த்திருந்தால் என்ற கேள்வி தமிழ்நாடு முழுக்க எழுந்தது.

அதனால் தம்பியிடம் முன்கூட்டியே சொல்லி வை. மருத்துவப் பரிசோதனையில் எங்கே வலிக்கிறது என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாஜிஸ்திரேட் கேட்கும்வரை காத்திருக்காமல், "ஐயா, என்னை அடித்தார்கள்" என்றோ, பெண் நீதிபதியானால் "அம்மா" என்று அழைத்தோ சொல்லிக் காயத்தைக் காட்ட வேண்டும். சுகர், பிரஷர், வலிப்பு மாத்திரை ஏதாவது சாப்பிடுபவரானால் அதைச் சொல்ல வேண்டும். வக்கீல் இல்லையென்றால் "எனக்கு இலவச வக்கீல் வேண்டும்" என்ற ஒரு வாக்கியம் போதும். நீயும் அந்த நேரம் கோர்ட்டில் இரு. எஃப்.ஐ.ஆர். எந்த ஸ்டேஷன் என்பதைப் பொறுத்துத்தான் பள்ளிப்பட்டு கோர்ட்டா திருத்தணி கோர்ட்டா என்பது அமையும். கேட்டுவிட்டுப் போ.

7. காசில்லை என்று வக்கீல் இல்லாமல் விடாதே

பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 1987-இன் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12-வது பிரிவு தரும் உரிமை இது. மற்றவர்களுக்கு வருமான வரம்புக்குள் இருந்தால் உண்டு. கோர்ட் வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழு அலுவலகம் எது என்று கேள். மாவட்ட அளவில் திருவள்ளூரில் ஆணைக்குழு இருக்கிறது. எங்கிருந்தும் 15100 என்ற எண்ணை அழைக்கலாம். 1979-இல் ஹுஸைனாரா காத்தூன் வழக்கில், விசாரணையே இல்லாமல் பீகார் சிறைகளில் வருடக்கணக்காகக் கிடந்த ஏழைகளுக்காக உச்ச நீதிமன்றம் சொன்னது, இலவச வக்கீல் நியாயமான விசாரணையின் பகுதி என்று. இது தர்மம் இல்லை. கூச்சப்படாதே.

காசு கொடுத்து வக்கீல் வைத்தால், கிரிமினல் கேஸ் நடத்துகிறவரா என்று விசாரி. ஃபீஸ் எதுவரைக்கும், ஜாமீனுக்கு மட்டுமா கேஸ் முடியும்வரையா என்று முதலிலேயே பேசி எழுதிக்கொள். வக்காலத்தில் கையெழுத்துப் போடுமுன் உன் பெயரும் கேஸ் விவரமும் நிரப்பியிருக்கிறதா என்று பார். "எனக்கு ஸ்டேஷனில் ஆள் தெரியும், இவ்வளவு கொடு" என்று டீக்கடையில் உட்கார்ந்து பேசுபவனிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. ரசீது கொடுக்க முடியாத பணம் கேஸை நகர்த்தாது.

8. ஜாமீன்: காகிதத்தைத் தயாராக வை

ஜாமீனில் விடக்கூடிய பிரிவு என்றால் ஸ்டேஷன் ஜாமீனிலேயே வீட்டுக்கு வரலாம். ஜாமீன்தாரர் கிடைக்காமல் ஒரு வாரம் ஆனால், வசதியில்லாதவர் என்று கருதி அவர் சொந்தப் பிணையில் விட வேண்டும் (பி.என்.எஸ்.எஸ். பிரிவு 478). மற்றப் பிரிவுகளுக்கு முதலில் மாஜிஸ்திரேட் கோர்ட், பிறகு மாவட்ட செஷன்ஸ் கோர்ட், அதற்கு மேல் சென்னை உயர் நீதிமன்றம். கைதுக்கு முன்பே பயம் இருந்தால் முன்ஜாமீன் மனுவை செஷன்ஸிலோ உயர் நீதிமன்றத்திலோ போடலாம் (பிரிவு 482).

பெரும்பாலும் இரண்டு ஜாமீன்தாரர் கேட்பார்கள். அவர்களின் ஆதார், போட்டோ, வீட்டு வரி ரசீது, சொத்து மதிப்புக்கு வேண்டிய சான்று என்ன என்று வக்கீலிடம் கேட்டு அன்றைக்கே சேர்த்து வை. ஜாமீன் கிடைத்தும் காகிதம் சேராமல் நாட்கணக்கில் புழல் சிறையில் கிடக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நிபந்தனை மிகக் கடினமாக இருந்தால் மாற்றச் சொல்லி மனுப் போடலாம். சட்டப் பணிகள் குழு வக்கீலே அதைச் செய்வார். "தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து" என்று உத்தரவு வந்தால் ஒரு நாளும் தவறக் கூடாது. காய்ச்சல் என்றாலும் வக்கீலிடம் சொல்லாமல் நிற்காதே.

காலண்டரில் ஒரு தேதியைச் சிவப்பு மையில் வட்டமிடு. முதல் ரிமாண்டிலிருந்து 60 நாள், பெரிய குற்றங்களுக்கு 90 நாள். அதற்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை போடவில்லை என்றால் ஜாமீன் உரிமையாகிவிடும் (பிரிவு 187). ஆனால் மனுப் போட வேண்டும். குற்றப்பத்திரிகை வருவதற்குள் போட வேண்டும். ஒரு நாள் தூங்கினால் அந்த உரிமை போய்விடும். இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளேயே கழித்துவிட்டால் விடுதலை கேட்க 479-வது பிரிவு இருக்கிறது. ஆயுள், மரண தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது கிடையாது. ஒன்றுக்கு மேல் கேஸ் நிலுவையில் இருந்தாலும் கிடையாது.

9. எல்லைக்கு அந்தப் பக்கம் கேஸ் என்றால்

1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி ஆந்திராவிலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கோடு போட்டாலும் பொண்ணு கொடுப்பதும் எடுப்பதும் நகரி, புத்தூர், சித்தூர் வரை இன்றும் நடக்கிறது. வேலைக்கும் அந்தப் பக்கம் போகிறார்கள். கேஸும் அங்கிருந்து வரும்.

ஆந்திர போலீஸ் வந்து ஆளை அழைத்துப் போனால், எந்த ஸ்டேஷன், என்ன கேஸ் நம்பர், எந்த மாஜிஸ்திரேட் கோர்ட் என்று அங்கேயே கேட்டு எழுது. எல்லை பக்கம் என்பதால் 24 மணி நேரத்துக்குள் நேராக அங்குள்ள கோர்ட்டிலேயே நிறுத்திவிட முடியும். நீ திருத்தணியில் தேடிக்கொண்டிருப்பாய். ஜாமீன் மனு அங்கே, அதன் மேல் அமராவதியிலுள்ள ஆந்திர உயர் நீதிமன்றத்தில். கைதுக்கு முன்பே தெரிந்துவிட்டால், அங்கே போய் மனுப் போடும்வரை கொஞ்ச நாள் பாதுகாப்புக் கேட்டு நம் பக்கக் கோர்ட்டிலேயே இடைக்கால முன்ஜாமீன் வாங்கலாம். 2023 நவம்பரில் பிரியா இந்தோரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு இடம் கொடுத்தது. தெலுங்கில் எழுதிய காகிதத்தைப் படித்துப் புரியாமல் கையெழுத்துப் போடக் கூடாது. பேசத் தெரியும் என்பது வேறு, படிக்கத் தெரியும் என்பது வேறு.

"நல்ல கூலி, மலையில் மரம் வெட்டும் வேலை" என்று ஏஜென்ட் கூப்பிட்டால் தம்பியை விடாதே. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று ஆந்திர அதிரடிப்படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. எல்லாரும் தமிழ்நாட்டுக் கூலிக்காரர்கள். அனுப்பியவன் எவனும் அந்தக் காட்டில் இல்லை. அதேபோல் பஸ்ஸிலும் ரயிலிலும் யாருடைய பையையும் "கொஞ்சம் பார்த்துக்கோ" என்று வாங்காதே. கஞ்சாவில் 1 கிலோ வரைதான் சிறிய அளவு. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. அதற்குத் தண்டனை 10 முதல் 20 வருடம், ஜாமீன் கிடைப்பது மிக மிகக் கடினம். மணலானாலும் ரேஷன் அரிசியானாலும் லோடு வண்டியை ஓட்டுகிறவன்தான் முதலில் மாட்டுவான்.

10. "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடலாம்" என்பதில் அவசரப்படாதே

இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அபராதம் சில நூறு ரூபாயாக இருந்தாலும், குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டினால் அது தண்டனை பெற்றதாகவே பதிவாகும். நாளைக்குத் தம்பி காவலர் தேர்வு எழுதுவான், ராணுவத்துக்குப் போவான், வெளிநாட்டு வேலைக்கு பாஸ்போர்ட் எடுப்பான். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் "உங்கள் மீது வழக்கு உண்டா" என்ற கேள்வி இருக்கும். அங்கே மறைத்தால் கேஸைவிட மறைத்ததே பெரிய குற்றமாகி வேலை போகும். உள்ளதை எழுதி, முடிந்த கேஸானால் தீர்ப்பு நகலை இணைக்கச் சொல். கேஸ் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டுக்குக் கோர்ட் அனுமதி வாங்க வழி உண்டு.

ஒப்புக்கொள்வதற்கு முன் வக்கீலிடம் இவற்றைக் கேள். எதிர்த்தரப்போடு சமாதானமாகப் போக முடிந்த பிரிவா? 115(2) போன்றவற்றில் அடிபட்டவரே சம்மதித்து முடித்துக்கொள்ளலாம். அப்படி முடித்தால் விடுதலையானதாகவே அர்த்தம். அப்படி முடியாத பிரிவானால், இரு தரப்பும் சமாதானம் என்று உயர் நீதிமன்றத்தில் பி.என்.எஸ்.எஸ். 528-வது பிரிவில் ரத்து கேட்கலாமா? கொலை, பாலியல் வன்முறை போன்ற கொடிய குற்றங்களில் அது நடக்காது. உண்மையிலேயே தப்பு செய்து தண்டனை வரும் நிலை என்றால், 1958-இன் நன்னடத்தைச் சட்டத்தில் விடச் சொல்லிக் கேட்கலாமா? அந்தச் சட்டத்தின் 12-வது பிரிவு, தண்டனையால் வரும் தகுதியிழப்பு ஒட்டாமல் காக்கிறது. கேட்காவிட்டால் பல நேரம் யாரும் இதை ஞாபகப்படுத்த மாட்டார்கள்.

11. வாய்தாவும் நம் பக்க ஆதாரமும்

ஒரு வாய்தாவுக்குப் போகாவிட்டால் பிடிவாரண்ட் வரும். போக முடியாத நாளில் வக்கீல் ஆஜராகாமைக்கு மனுப் போட வேண்டும். முதல் நாள் சொன்னால்தான் அவரால் முடியும். ஒவ்வொரு கேஸுக்கும் சி.என்.ஆர். என்ற 16 இலக்க அடையாளம் உண்டு. அதை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த தேதி உனக்கே தெரியும். எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, சாட்சிகளின் வாக்குமூலங்களின் நகல் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இலவசமாகத் தரப்பட வேண்டும் (பி.என்.எஸ்.எஸ். பிரிவு 230). எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் தேதிவாரியாகப் போடு.

நம் பக்க ஆதாரத்தை நாம்தான் சேர்க்க வேண்டும். சம்பவம் நடந்த இடத்துக்குப் பக்கத்துக் கடைக் கேமரா பதிவு சில நாளில் தானே அழிந்துவிடும். அன்றைக்கே கேள். அந்த நேரத்தில் தம்பி வேறெங்கோ இருந்தான் என்றால் பஸ் டிக்கெட், ஜி-பே பதிவு, தறி முதலாளியின் கூலி நோட்டு, கூட வேலை செய்தவர் சாட்சி எல்லாம் உதவும். போனில் இருக்கும் வீடியோவைக் கோர்ட்டில் கொடுக்க பாரதிய சாக்‌ஷிய அதினியத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ் வேண்டும். எடுத்த போனை விற்றுவிடாதே.

12. கடைசியாக, பக்கத்து வீட்டுப் பெண்ணோடு போ

இவ்வளவையும் படித்தபின் ஒன்றைக் கவனித்தாயா? கைது மெமோவில் சாட்சியாக ஊர்க்காரர் கையெழுத்துப் போடலாம். ஜாமீனுக்கு ஊர்க்காரர் வேண்டும். கூலி நோட்டோடு சாட்சி சொல்லவும் ஊர்க்காரர் வேண்டும். தனியாக ஒரு குடும்பம் இந்த வழியைக் கடக்க முடியாது. ஆனால் கேஸ் விழுந்த வீட்டை நம் தெருவே ஒதுக்கி வைக்கிறது.

அப்படிச் செய்யாதே தங்கச்சி. அவன் குற்றவாளியா இல்லையா என்பதைக் கோர்ட் சொல்லட்டும். அதுவரை அவன் நிரபராதி என்பதுதான் சட்டம். பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தால் "அவங்க பாடு" என்று கதவைச் சாத்தாமல், ஒரு பேனாவும் நோட்டும் எடுத்துக்கொண்டு அவளோடு ஸ்டேஷனுக்குப் போ. இரண்டு பெண்கள் சேர்ந்து நின்று "கைது காரணத்தை எழுத்தில் கொடுங்கள்" என்று கேட்டால் அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிப்பது கஷ்டம். 15100 என்ற எண்ணை இன்றைக்கே உன் போனில் பதிந்து வை, அம்மாவின் போனிலும்.